காப்புப் பகுதிகளில் பழங்குடிகள்: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

1993ஆம் ஆண்டில் கனடா அரசும் ஹைடா பழங்குடி அவையும் மேற்குக் கரைத் தீவுக்கூட்டம் ஒன்றின் காப்புக்காகக் கையெழுத்திட்ட குவாய் ஹானாஸ் உடன்படிக்கையின் தொடக்கத்தில் இரண்டு கூற்றுகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. இந்தத் தீவுக்கூட்டம் தலைமுறை தலைமுறையாக வந்த உரிமையால் ஹைடாக்களுக்கே சொந்தம் என்கிறது ஒரு கூற்று. அதே தீவுகள் கனடா அரசுக்கு உரியவை என்கிறது மற்றொன்று. இந்த வழக்கு தீராமல் இருந்தாலும் இடம் காக்கப்பட வேண்டும் என்பதில் தங்களுக்குள் வேறுபாடில்லை என்று இரு தரப்பும் அதன்பின் ஒப்புக்கொண்டு, நிர்வாக விதிகளுக்குச் செல்கின்றன. காப்புப் பகுதிகளைப் பற்றிய அரசு ஆவணங்களில் இவ்வளவு நேர்மையான தொடக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. பெரும்பாலான அரசாணைகள் நிலம் யாருடையது என்ற கேள்வியே எழாததுபோல ஓர் எல்லைக்கோட்டை இழுத்துவிட்டு, அந்தக் கோட்டுக்குள் ஏற்கெனவே குடியிருப்பவர்களை ஒரு நிர்வாகச் சிக்கலாக மட்டுமே பார்க்கின்றன.

அந்தச் சிக்கலைத் தள்ளிப்போட இப்போது அதிக அவகாசம் இல்லை. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தின் மூன்றாம் இலக்கு, 2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்புக்குள் கொண்டுவரச் சொல்கிறது. பழங்குடிகளின் உரிமைகளை மதித்தே அதைச் செய்ய வேண்டும் என்றும் அதே வாக்கியத்தில் சொல்கிறது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பழங்குடிகள் உரிமை கொண்டாடும் அல்லது பராமரிக்கும் நிலம் 87 நாடுகளில் குறைந்தது 3.8 கோடி சதுர கிலோமீட்டர், அதாவது உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு. ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட நிலக் காப்பகங்களில் சுமார் 40 விழுக்காடு இந்த நிலங்களின் மேல் அமைந்துள்ளது. புதிய கோடுகள் எங்கே விழப்போகின்றன என்பதை ஊகிக்க இந்த இரண்டு எண்கள் போதும். (உலகின் பல்லுயிரில் 80 விழுக்காடு பழங்குடி நிலங்களில் உள்ளது என்று மேடைதோறும் ஒரு வாசகம் ஒலிக்கிறது. அதற்கு ஆதாரமே இல்லை என்று 2024இல் பழங்குடி அறிஞர்களும் அடங்கிய ஓர் ஆய்வுக் குழு எடுத்துக்காட்டிவிட்டது. நல்ல வழக்குக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை. அந்த எண்ணை விட்டுவிடுவதே நல்லது.)

புதிதாக ஒரு பகுதியைக் காப்பகமாக்கவோ, பழைய காப்பகத்தின் நிர்வாகத்தைத் திருத்தவோ வேண்டிய இடத்தில் இருப்பவர் முன்னால், பெயர் வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நான்கு வழிகள்தான் உள்ளன. மக்களை வெளியே குடியமர்த்தலாம். உள்ளேயோ விளிம்பிலோ இருக்கவிட்டு, அனுமதிச் சீட்டும் வருவாயில் பங்கும் தரலாம். அரசும் மக்களும் ஒரே குழுவில் அமர்ந்து நிர்வகிக்கலாம். அல்லது உரிமையையும் நிர்வாகத்தையும் மக்களிடமே விட்டுவிட்டு அரசு துணை நிற்கலாம். இவற்றை மனிதநேயத்தின் படிக்கட்டாக அடுக்கி, மேற்படியே சிறந்தது என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் நான்காவது வழி கைவிட்ட இடங்களும் உண்டு, இரண்டாவது வழி ஓரளவு கைகொடுத்த இடங்களும் உண்டு. எனவே நிலம் யார் பெயரில் இருக்கிறது, செலவுக்கான பணத்தை யார் நிறுத்த முடியும், இரு தரப்பும் முரண்படும்போது யாருடைய ‘முடியாது’ நிற்கும் என்ற கேள்விகளால் ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கிறேன். கடைசிக் கேள்விதான் மற்றவற்றைவிட அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

வெளியேற்றும் வழியே இவற்றில் மூத்தது. 1872இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள், அந்த மலைகளில் ஆண்டு முழுவதும் வாழ்ந்துவந்த துகுதிக்கா ஷோஷோனிகள் வெளியே ஒதுக்கப்பட்ட நிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். மனிதர் கால்படாத காடு என்ற சித்திரம் அவர்கள் போன பிறகே முழுமை பெற்றது. உகாண்டாவில் 1991இல் ப்விண்டி, ம்காஹிங்கா காடுகள் தேசியப் பூங்காக்கள் ஆனபோது, மலைக் கொரில்லாக்களின் பெயரால் பட்வா மக்கள் காட்டை இழந்தார்கள். பெரும்பாலோர்க்கு மாற்று நிலம் கிடைக்கவில்லை, அயலார் நிலத்தில் கூலி வேலைதான் கிடைத்தது. அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2021இல், முப்பது ஆண்டுகள் கழித்து.

இந்த வழிக்குச் சார்பான வாதத்தை மறைக்கக் கூடாது. பெரிய ஊனுண்ணிகளுக்கும் யானைகளுக்கும் இடையூறற்ற பரப்பு தேவைப்படுகிறது. விலங்குகளால் உயிரும் பயிரும் இழந்து சலித்த குடும்பங்களில் சிலர் பள்ளியும் மருத்துவமனையும் உள்ள இடத்துக்குப் போகத் தாங்களே விரும்புகிறார்கள். கர்நாடகத்தின் பத்ரா காப்பகத்தில் 2000களின் தொடக்கத்தில் நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டது பெரும்பாலும் வெற்றியாகவே பேசப்படுகிறது. அதை நெருங்கிப் பார்த்தால், வெற்றிக்குக் காரணம் கைக்குக் கிடைத்த ரொக்கத்தைவிட விளைநிலமே என்பது தெரியும். வெளியேறியவர்களில் பலர் ஏற்கெனவே உழவர்கள் என்பதும் சேர்ந்து தெரியும். தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த மக்களுக்கு அதே திட்டம் அதே பலனைத் தரும் என்று கொள்வதற்கில்லை. இந்தியாவில் புலிகள் காப்பகங்களிலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கான தொகை 10 லட்சம் ரூபாயாக இருந்து 2021இல் 15 லட்சமாக உயர்ந்தது. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கேட்பது தொகையை அல்ல, வரிசையை: முதலில் உரிமைகளை அங்கீகரித்து முடிக்க வேண்டும், சேர்ந்து வாழ்வதற்கு வேறு வழியில்லை என்று நிறுவ வேண்டும், அதன் பிறகு கிராம சபையின் ஒப்புதல் பெற வேண்டும். உரிமை கோரிய மனு கிடப்பில் இருக்க, சாலையும் மின்சாரமும் மறுக்கப்பட்ட ஊரில் வாங்கப்படும் கையெழுத்தை ‘விருப்பம்’ என்று அழைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

மக்கள் போனபின் காடு என்ன ஆகிறது என்ற கேள்வியே பலரும் எதிர்பார்க்காத விடையைத் தருகிறது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள உலுருவில், அனாங்கு மக்கள் குளிர்ந்த பருவத்தில் புல்வெளியைச் சிறு சிறு துண்டுகளாக எரித்துவந்தார்கள். எரிந்த துண்டு, பாதி முளைத்த துண்டு, முதிர்ந்த துண்டு என்று நிலம் ஒட்டுத்துணிபோல இருந்ததால் பெருந்தீ ஒரு துண்டைத் தாண்டிப் போக வழியில்லாமல் இருந்தது. அவர்கள் விலக்கப்பட்டு எரிப்பு நின்ற பின், மழையாண்டுகளில் தழைத்த புல் காய்ந்து, 1976இல் மூண்ட தீ பூங்காவின் பெரும்பகுதியைத் தின்றது. தென்னிந்தியாவின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் ‘தரகு பெங்கி’ என்று அழைக்கும் சருகுத் தீயும் இதே கணக்குதான். கோடையின் தொடக்கத்தில் தரையோடு மெல்ல நகரும் அந்தத் தீ சருகை மட்டும் தீய்த்துவிட்டுப் போகும், மரம் கருகாது. அது தடைசெய்யப்பட்ட பிறகு உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டி, புல்லை மூடியது; நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. நெல்லிக்காய் பறிக்கப் போகும் சோலிகர் கிளையில் ஒட்டிய புல்லுருவியை வெட்டிப்போடுவது வழக்கம். சேகரிப்பும் தடைப்பட்டபோது அந்தக் கத்தியும் காட்டிலிருந்து வெளியேறிவிட்டது.

வெளியேற்றம் சட்டச் செலவையும் கூட்டிக்கொண்டே போகிறது. போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி காப்பகம் 1961இல் உருவானபோது, அங்கே வாழ்ந்த சான் மக்களின் வாழ்க்கையைக் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. 1997லும் 2002லும் அதே மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. ஆனாலும் மூடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றைத் திறந்துகொள்ளும் உரிமைக்காக அவர்கள் மீண்டும் வழக்காடி, 2011இல்தான் மேல்முறையீட்டில் வெல்ல முடிந்தது. கென்யாவின் மாவ் காட்டு ஒகியெக் மக்களின் வழக்கில் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017இல் கூறிய ஒரு கருத்து நினைவில் வைக்கத்தக்கது: காடு அழிந்ததற்கு ஒகியெக்குகள் காரணம் என்று அரசு நிறுவவில்லை, பிறர் ஆக்கிரமித்ததும், அரசே நிலம் ஒதுக்கியதும், மரம் வெட்ட அனுமதித்ததுமே காரணங்கள். 2022இல் 15.785 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடும் கூட்டு நிலவுரிமைப் பத்திரமும் வழங்க உத்தரவிடப்பட்டது. 2023 நவம்பரில் மாவ் காட்டில் வீடுகள் மறுபடியும் இடிக்கப்பட்டன. தீர்ப்புக்கும் நிலத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை இதைவிடத் துல்லியமாக அளக்க முடியாது.

இரண்டாவது வழியை, அனுமதியும் பங்கும் தரும் வழியை, அரசுகள் மிகவும் விரும்புகின்றன. காரணம், அதில் நிலவுரிமையைத் தொட வேண்டியதே இல்லை. நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்கா 1973இல் உருவானபோது தாரு மக்களின் மேய்ச்சலும் சேகரிப்பும் நின்றன. ஆற்றை நம்பிய போட்டே, மாஜி மக்களின் மீன்பிடிப்பு உரிமத்துக்குள் அடங்கியது. 1975 முதல் காவல் ராணுவத்திடம் போனது. கூரை வேயும் புல்லை ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு அறுத்துச் செல்லலாம் என்ற ஏற்பாடு வந்தது. 1990களில் பூங்காவைச் சுற்றி இடைப்பகுதி அறிவிக்கப்பட்டு, பூங்கா வருவாயில் 30 முதல் 50 விழுக்காடு அந்த மக்களின் குழுக்களுக்குச் செல்லும் விதி வந்தது. காண்டாமிருகங்கள் பெருகின, சமூகக் காடுகள் எழுந்தன. இவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் புல்லறுக்கும் நாட்களின் எண்ணிக்கையை யார் தீர்மானிக்கிறார் என்று கேட்டால், அரிவாள் பிடித்திருப்பவர் தீர்மானிக்கவில்லை.

நமீபியா இதே வழியில் ஓரடி முன்னே சென்றது. 1996இன் சட்டத் திருத்தம் பொது நிலத்தில் வாழும் சமூகங்கள் காப்பமைப்புகளாகப் பதிவுசெய்துகொண்டு, விலங்குகளால் வரும் வருவாய் முழுவதையும் தாங்களே வைத்துக்கொள்ள அனுமதித்தது. 1998இல் தொடங்கிய இந்த ஏற்பாடு எண்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகளாக, நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலத்துக்குப் பரவியது. குறை எங்கே இருந்தது என்பது ஜுஹொவான்சி மக்களின் நயே நயே காப்பமைப்பில் 2009இல் வெளிப்பட்டது: அயல்பகுதியிலிருந்து கால்நடைகளோடு வேலியை அறுத்து உள்ளே வந்த மேய்ப்பர்களைத் தடுக்க அவர்களிடம் சட்ட வலு போதவில்லை. மானின் மீது உரிமை இருந்தது. மான் நிற்கும் நிலத்தின் மீது இல்லை. சுற்றுலாப் பணத்தை நம்பிய இந்த வகை ஏற்பாடுகள் எல்லாம் 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது ஒரே மாதத்தில் காலிப் பெட்டியோடு நின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாக்குறுதி உரிமை ஆகாது என்பதற்கு நெடுங்காலச் சாட்சி தான்சானியாவின் ங்கோரோங்கோரோ. செரங்கெட்டியை விட்டுக்கொடுத்த மாசாய் மக்களுக்கு, 1959இல் தனியாகப் பிரிக்கப்பட்ட 8,292 சதுர கிலோமீட்டர் ங்கோரோங்கோரோ காப்புப் பகுதியில் கால்நடைகளோடு வாழ இடம் உறுதியளிக்கப்பட்டது. 1975இல் பயிரிடுவது தடைசெய்யப்பட்டது, 1992இல் அனுமதிக்கப்பட்டது, 2009இல் மீண்டும் தடைசெய்யப்பட்டது. 2022 முதல், பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ம்சொமேராவுக்கு மாறிச்செல்லும் திட்டம் நடக்கிறது. அறுபது ஆண்டுகளில் விதி மாறிய ஒவ்வொரு முறையும் மாற்றியவர் ஒருவரே. மாற வேண்டியிருந்தவரும் ஒருவரே.

கூட்டு மேலாண்மை என்ற சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட பொருள்கள் ஒளிந்திருப்பதால், மூன்றாவது வழியில் சற்று நின்று பார்க்க வேண்டும். 1985 அக்டோபர் 26 அன்று உலுருவின் உரிமைப் பத்திரம் அனாங்கு மக்களிடம் கொடுக்கப்பட்டது. அன்றே அவர்கள் அந்நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடமே திருப்பிக் கொடுத்தார்கள். குத்தகைக்குச் சம்மதிக்காமல் பத்திரம் கிடைத்திருக்காது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கிக்கொண்டதாகத் தோன்றலாம், அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் குத்தகைப் பத்திரம் சில விஷயங்களைக் கல்வெட்டாக்கியது: நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை இடங்கள் அனாங்குகளுக்கு, வாடகை அவர்களுக்கு, நுழைவுக் கட்டண வருவாயில் ஒரு பங்கும் அவர்களுக்கு. துண்டு துண்டாக எரிக்கும் முறை பூங்காவின் திட்டத்துக்குள் திரும்பி வந்தது. அந்தப் பாறையின் மேல் ஏற வேண்டாம் என்று அனாங்குகள் தொடக்கத்திலிருந்தே கேட்டுவந்தார்கள். ஏற்றம் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது 2019 அக்டோபர் 26இல். குழுவில் பெரும்பான்மையும் கையில் பத்திரமும் இருந்தும் முப்பத்துநான்கு ஆண்டுகள். சுற்றுலாத் தொழிலுக்கும் அரசுக்கும் உள்ள எடை குழுவின் நாற்காலிக் கணக்கில் தெரிவதில்லை என்பதை, குழு அமைப்பதையே தீர்வாகக் கருதுபவர்கள் இந்தக் கணக்கில் பார்க்கலாம்.

குவாய் ஹானாஸ் வேறு திசையில் சென்றது. அங்கே உரிமைப் பத்திரம் கைமாறவில்லை; 1985இல் லயெல் தீவின் மரவெட்டுச் சாலையில் முதியவர்கள் அமர்ந்து கைதான போராட்டத்தின் தொடர்ச்சியாக வந்த உடன்படிக்கை, உரிமை வழக்கைத் திறந்தே வைத்தது. அதற்கு ஈடாக அது தந்தது, இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் இடமுள்ள ஒரு குழு. அந்தக் குழு ஒருமித்தே முடிவெடுக்க வேண்டும். ஒருமிக்க முடியாவிட்டால் அந்த விஷயம் நிறுத்திவைக்கப்பட்டு, ஹைடா அவையிடமும் கனடா அரசிடமும் பேச்சுக்குச் செல்லும். நிறுத்திவைப்பது என்ற அந்த ஒரு விதியில்தான் எல்லாம் இருக்கிறது. உலகின் பல கூட்டுக் குழுக்களில், முரண்பாடு வந்தால் அமைச்சரோ தலைமை வனப் பாதுகாவலரோ இறுதி முடிவெடுப்பார் என்று இருக்கும். அத்தகைய குழுவைக் கலந்தாய்வு என்று அழைப்பதே பொருத்தம். சுவீடனில் லப்போனியா உலக மரபுச் சின்னத்தை நிர்வகிக்கும் அமைப்பும் இதே வகையில், வட ஐரோப்பியப் பழங்குடிகளான சாமி மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் குழு ஒருமித்த முடிவால் இயங்கும்படி கட்டப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவிலிருந்து 1969இல் வெளியேற்றப்பட்ட மகுலேக்கே சமூகம் 1998இல் நிலத்தைத் திரும்பப் பெற்றபோது எடுத்த முடிவு, பழங்குடியிடம் நிலம் போனால் காடு போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்கான விடை. அவர்கள் அங்கே மீண்டும் குடியேறவில்லை. சுரங்கமோ வேளாண்மையோ செய்வதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, நிலத்தைப் பூங்காவின் பகுதியாகவே வைத்து, சுற்றுலா உரிமையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். குடியேறாமல் இருப்பது இப்போது அவர்களுடைய முடிவு என்பதுதான் 1969க்கும் 1998க்கும் உள்ள வேறுபாடு.

நான்காவது வழிக்கு ஆஸ்திரேலியா அளவிலும், நியூசிலாந்து சட்டச் சொல்லிலும் முன்னே நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1998இல் நன்டவரினாவில் தொடங்கி, பழங்குடிகள் தங்கள் நிலத்தைத் தாங்களே காப்புப் பகுதியாக அறிவித்து, அரசின் நிதியோடு தங்கள் காவலர்களைக் கொண்டு பராமரிக்கும் முறை, அந்நாட்டுக் காப்புப் பரப்பில் பாதியை எட்டும் அளவுக்கு வளர்ந்துள்ளது. மேற்கு ஆர்னெம் நிலத்தில் 2006 முதல் 28,000 சதுர கிலோமீட்டரில் நடக்கும் முன்பருவ எரிப்பு, பிற்பருவப் பெருந்தீயைக் குறைத்து, குறைந்த கரியுமிழ்வுக்கு ஈடாகப் பணம் ஈட்டுகிறது. சுற்றுலாப் பயணி வராத ஆண்டிலும் நிற்காத வருவாய் என்பது இந்த ஒப்பீட்டில் சிறிய விஷயமல்ல. நியூசிலாந்தில் 1954 முதல் தேசியப் பூங்காவாக இருந்த தே உரெவேரா, 2014இன் சட்டத்தால் யாருக்கும் சொந்தமில்லாத, தனக்குத்தானே சொந்தமான ‘சட்ட ஆள்’ ஆனது, அதாவது சட்டத்தின் முன் ஒரு மனிதரைப்போல உரிமைகள் கொண்டது. அதன் சார்பில் பேசும் குழுவில் அந்தக் காட்டின் பழங்குடிகளான தூஹோய் மக்கள் பெரும்பான்மை. அங்கும் எல்லாம் சுமுகமாக இல்லை. 2022இன் இறுதியில் காட்டுக்குள் இருந்த பழைய தங்குகுடில்களை நிர்வாகம் அகற்றி எரிக்கத் தொடங்கியபோது, தூஹோய் மக்களில் ஒருவரே நீதிமன்றத்துக்குப் போனார். பழங்குடி என்பது ஒரே குரல் அல்ல. உள்ளே நடக்கும் வாதத்துக்கும் ஒரு மேடை தேவை என்பதை இந்த வழியைத் தேர்பவர்கள் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய ஓட்டை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பல நாடுகளில் நிலம் பழங்குடியினுடையது என்றாலும் கனிமம் அரசினுடையது. கொலம்பியாவின் யைகோஹே அபபோரிஸ் பகுதி ஏற்கெனவே பழங்குடிகளின் சட்டபூர்வமான கூட்டு நிலமாக இருந்தும், தங்கச் சுரங்கம் நெருங்கியபோது அந்தப் பத்திரம் அதைத் தடுக்கப் போதாது என்று உணர்ந்த மக்கள், தங்கள் நிலத்தின் மேலேயே ஒரு தேசியப் பூங்காவை அறிவிக்கும்படி அரசைக் கேட்டார்கள். தேசியப் பூங்காவில் சுரங்கத்துக்கு இடமில்லை. 2009இல் சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் பூங்காவானது. எதிர்த்து எழுந்த வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் 2014இல் பூங்காவை உறுதிசெய்தது. யெல்லோஸ்டோனில் பழங்குடிக்கு எதிராக எழுந்த அதே கருவி, இங்கே பழங்குடியின் கையில் கேடயமானது. ஆனால் இரட்டைக் கேடயமும் சில வேளைகளில் போதாது. பொலிவியாவின் திப்னிஸ் 1965 முதல் தேசியப் பூங்கா, 1990 முதல் பழங்குடி ஆட்சிநிலம்; ஆயினும் அதன் நடுவே நெடுஞ்சாலை போடும் திட்டம் வந்தது. 2011இல் மக்கள் அரசு அமர்ந்திருக்கும் லா பாஸ் நகரம்வரை நடந்து சாலைக்குத் தடைச் சட்டம் பெற்றார்கள். 2017இல் மற்றொரு சட்டம் அந்தத் தடையை நீக்கியது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வழிகளில் எது என்று முடிவெடுக்கும் முன் நிலவுரிமையைத் தீர்த்துவிட வேண்டும். வழி எதுவாக இருந்தாலும் அது உரிமை பெற்ற மக்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். உரிமை தீராமல் செய்யப்படும் கூட்டு மேலாண்மை, இரண்டாவது வழியின் நல்ல உடை அணிந்த வடிவமாகவே முடியக் காண்கிறோம். பிலிகிரிரங்கன் மலையில் 2011 ஜனவரியில் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு அக்டோபரில் சோலிகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் இது நடந்தது அதுவே முதல் முறை. அந்த உரிமை மேலாண்மைத் திட்டத்தை எழுதும் அதிகாரமாக மாறினால்தான் தரகு பெங்கியைப் பற்றிய பேச்சு, மேசையின் மறுபக்கம் உள்ளவரின் நல்லெண்ணத்தைச் சாராமல் நடக்கும்.

இடத்துக்கு இடம் இந்தத் தேர்வின் வடிவம் மாறும். சுரங்கமோ சாலையோ அணையோ முதன்மை அச்சமாக உள்ள இடத்தில் யைகோஹேயின் வழியே என் பரிந்துரை: நிலம் மக்களுடையது, அதன் மேல் பூங்கா என்ற சட்டக் கவசம், நிர்வாகத்தில் மக்களின் ஒப்புதலின்றி எதுவும் நகராது என்ற விதி. வேட்டைக் கும்பல்களோ ஆயுதக் குழுக்களோ நடமாடும் இடத்தில் முழுச் சுமையையும் ஒரு சிறிய சமூகத்தின் தோளில் ஏற்றுவது உரிமை என்ற பெயரில் கைகழுவுவதாகிவிடும்; அங்கே அரசின் காவலோடு கூடிய மூன்றாவது வழி பொருந்தும். குடும்பங்கள் தாமாகவே வெளியேற விரும்பும் இடத்தில், உரிமைப் பத்திரத்தை முதலில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பேரம் பேச வேண்டும். பத்திரம் உள்ளவர் கேட்கும் விலை வேறு.

மிகவும் கடினமானது, ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பும் இடம். காங்கோ ஜனநாயகக் குடியரசின் கஹுசி–பியேகா பூங்காவிலிருந்து 1970களில் விரட்டப்பட்ட பட்வா மக்களில் ஒரு பகுதியினர், ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் எதுவும் கிடைக்காமல் 2018இல் தாங்களாகவே திரும்பிச் சென்றனர். உரிமையும் இல்லை, பணமும் இல்லை. சுற்றிலும் ஆயுதக் குழுக்களும் கரி வணிகர்களும். சில இடங்களில் மரங்கள் வெட்டப்பட்டுக் கரியாகின. காவலர்களுக்கும் பட்வாக்களுக்கும் மோதல் நடந்து உயிர்கள் போயின. பழங்குடி திரும்பினால் காடு அழியும் என்பதற்கு இதைச் சான்று காட்டுபவர்கள் உண்டு. ஐம்பது ஆண்டுகள் காட்டுக்கு வெளியே கூலிகளாக வைக்கப்பட்ட ஒரு தலைமுறை, எந்தத் துணையும் இல்லாமல் போர்ச்சூழலுக்குள் திரும்பினால் என்ன நடக்கும் என்பதையே இது காட்டுகிறது என்பேன். ஆனால் வெட்டப்பட்ட மரம் வெட்டப்பட்ட மரம்தான், அதைப் பேசாமல் விடுவதும் சரியல்ல. 2024இல் வெளியிடப்பட்ட தன் முடிவில் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் நிலத்தைப் பட்வாக்களிடம் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறது. திருப்பித் தருவது என்றால் பத்திரத்தோடு வாழ்வாதாரமும் பாதுகாப்பும் சேர்ந்துதான் போக வேண்டும்.

உரிமையைத் தீர்க்க அரசு இப்போது தயாராக இல்லை என்ற நிலையே பல இடங்களில் நடைமுறை. அப்போது எடுக்கத்தக்கது குவாய் ஹானாஸின் இரண்டு கூற்றுகளும், முரண்பட்டால் நிறுத்திவைக்கும் அந்த ஒரு விதியும்தான். உரிமை வழக்கை அது எந்தப் பக்கமும் சாய்க்காது, எந்தப் பக்கமும் கைவிடவும் வைக்காது. உடன்படிக்கைக்குப் பின் 31 ஆண்டுகள், சொந்தக்காரர் யார் என்று முடிவாகாத ஒரு பூங்காவை இரு தரப்பும் சேர்ந்து நடத்தினார்கள். 2024 ஏப்ரலில், குவாய் ஹானாஸையும் உள்ளடக்கிய ஹைடா குவாய் தீவுக்கூட்டம் முழுவதன் மீதும் ஹைடாக்களின் உரிமையை பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ஓர் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டது.